பராமரிப்புக்காக லைன் நிறுத்தப்படும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான், காலையில் ஆபீஸ் லிஃப்டில் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்கும் வரை குமட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறதா என்று உன்னைக் கேட்டும் பிரயோஜனமில்லை. நீ பல் டாக்டர்.

ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் பார்த்தவளுக்கு இரண்டு நாட்டுச் சண்டையில் என்ன வேலை என்று உன் வீட்டுக்காரி கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். வந்த புதிதில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் நாட்டுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கும் சொந்தமில்லாத ஊர் இது. வாடகைக் கட்டடத்தில் நாலாவது மாடி. சண்டை முற்றாமல் பார்த்துக்கொள்ள இரண்டு நாடும் சேர்ந்து வைத்த ஆபீஸ். வாசலில் 'நிலைத்தன்மை அலுவலகம்' என்று பித்தளைப் பலகை. உள்ளே கம்பளம் நனைந்து காய்ந்த நாற்றம். முதல் வாரம் முழுக்க, மேசை மேல் வைக்கிற இரண்டு கொடிகளில் எது அரை அங்குலம் உயரம் என்பதுதான் பேச்சு. ஸ்கேல் வைத்து அளந்தார்கள், தம்பி. குழந்தைகள்கூட ஐஸ்கிரீமுக்கு இப்படி அளக்காது. கடைசியில் என் பென்சில் டப்பாவை ஒரு கொடிக்கு அடியில் வைத்துச் சரிக்கட்டினேன். அதற்கு எனக்கு நன்றி தெரிவித்து முத்திரை குத்திய கடிதம் வந்தது. வெட்கக்கேடு.

ஆட்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். தலைவர் ஒரு பேராசிரியர். எதைச் சொன்னாலும் விரலால் காற்றில் ஒரு வளைவு வரைந்து காட்டுவார். விலைவாசி என்றாலும் வளைவு, யுத்தம் என்றாலும் வளைவு, மதியச் சாப்பாடு தாமதமானாலும் வளைவு. நான் மனசுக்குள் அவருக்கு வளைகோடு என்றே பெயர் வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு கர்னல்கள். ஒருத்தர் நம்முடையவர், இன்னொருத்தர் அவர்களுடையவர். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இடைவேளையில் ஒரே தட்டில் கைவிட்டு பிஸ்கட் தின்று, ஒரே தீப்பெட்டியில் சிகரெட் பற்றவைப்பார்கள். இவர்களுக்குப் பகையும் இல்லை, சினேகமும் இல்லை. உத்தியோகம்தான் இருக்கிறது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். எல்லையில் பயந்துபோன சிப்பாய் ஒருவன் இருட்டில் எதையோ பார்த்துச் சுட்டுவிடுகிறான் என்று வைத்துக்கொள். சுட்டார்கள் என்ற செய்தி மேலே போக அரை நிமிஷம் போதும். ஏன் சுட்டான் என்ற விளக்கம் போய்ச் சேர அரை நாள் ஆகும். விளக்கம் வருவதற்குள் எதிர்ப்பக்கம் பத்துக் குண்டு. அதற்குப் பதிலாக இந்தப் பக்கம் நூறு. மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே கொண்டுபோனால் 'கூ' என்று காதைக் கிழிக்குமே, அதுதான் இது. பேசுகிறவன் கத்தவில்லை, ஏற்பாடு கத்துகிறது. எங்கள் தொழிலில் முதல் பாடமே, ஆளைத் திட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டைப் பார் என்பதுதான். செய்தி எங்கே புறப்பட்டு எங்கே தங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று சுவர் நீளத்துக்குப் படம் வரைந்து ஒட்டினேன். வளைகோடு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு விதியைத்தான் கேட்டேன். இரண்டு கரைத் தளபதிகளுக்கும் நடுவே நேரடி போன் லைன் ஒன்று. யார் சுட்டாலும் முதலில் போன். பேசி முடிக்கிறவரை பதிலுக்குச் சுடக் கூடாது. லைன் செத்துப்போயிருந்தால்? அங்கேதான் என் ரயில்வே புத்தி வேலை செய்தது. சிக்னல் கம்பி அறுந்தால் விளக்கு தானாகச் சிவப்பில் விழும்படிதான் நாங்கள் செய்துவைப்போம். தெரியாவிட்டால் நில். இங்கேயும் அதேதான்: லைன் இல்லையென்றால், அது திரும்பி வரும் வரை இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு எட்டு மாசம் வாதாடினேன், தம்பி. தொண்டை கட்டிவிட்டது.

போன மாசம் புயலில் கம்பம் சாய்ந்து லைன் போய்விட்டது. அந்தக் குழப்பத்தில் அவர்கள் காவல் கோபுரம் ஒன்றிலிருந்து யாரோ சுட்டுமிருக்கிறார்கள். முன்பாக இருந்தால் எல்லையில் இருக்கிற உன் ஊர் ஒரு வாரம் பதுங்கு குழியில் கிடந்திருக்கும். இந்தத் தடவை ஒருத்தரும் பதிலுக்குச் சுடவில்லை. கம்பத்தை நிமிர்த்தினார்கள், பேசினார்கள், முடிந்தது. அன்றைக்கு ஆபீஸ் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆகவே, நீ இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் வீட்டுக்காரியையும் குட்டியையும் அவள் அம்மா வீட்டிலிருந்து அழைத்து வந்துவிடு. கிளினிக்கைத் திற. நான் சொல்கிறேன், தைரியமாகத் திற. குட்டிக்கு சாக்லேட் கொடுத்துக் கெடுக்காதே. அப்பன் பல் டாக்டர் என்றால் எதுவும் தின்னலாம் என்று நினைத்துக்கொள்ளும்.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாவு மில்லைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். இங்கே ஒரு பேப்பரிலும் வரவில்லை, ரேடியோவிலும் வரவில்லை. நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மில்காரருக்குப் போன வாரம்தான் கடைவாய்ப் பல் கட்டிவிட்டாய் என்றும், ஆளைச் சாக்கில் வைத்துக் கொண்டுவந்தபோது அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நீ அடையாளம் சொன்னாய் என்றும் எழுதியிருக்கிறாய். அவர் சம்சாரத்திடம் என்ன பேசினாயோ. இதையெல்லாம் பார்க்கவா உன்னைப் படிக்க வைத்தோம்.

அக்கா, உங்க விதி என்ன ஆச்சு என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். குத்திக்காட்டவில்லை என்று தெரியும், உனக்கு அது வராது. ஆனாலும் குத்தியது. உடனே போய் லைன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மில் மேல் குண்டு விழுந்த நாளில் லைன் வேலை செய்யவில்லை. காரணம், 'பராமரிப்பு'. அதற்கு முந்தைய மாசம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு தெருவே போயிருக்கிறது. அன்றைக்கும் லைனில் பராமரிப்புதான். அதற்கும் முந்தி உங்கள் ஊர் பஸ் நிலையம், நான் பயப்படுவேன் என்று நீ எழுதாமல் விட்டது. பராமரிப்பு. என் கண்ணை நானே நம்பவில்லை. ஒரு மாசம் அவர்கள் முறை, ஒரு மாசம் நம் முறை. தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள், தம்பி.

எங்கே தப்பு என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். முப்பது வருஷத்தில் நான் பார்த்த எந்த ரயில் டிரைவரும் மோத வேண்டும் என்று ஆசைப்பட்டு வண்டியை எடுத்தவன் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் சிக்னல் எல்லாம் நிற்கிறது. அதே நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன். இவர்களோ, லைன் செத்தால் எதிராளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று கற்றுக்கொண்டார்கள். அதனால் லைனைத் தாங்களே சாகடிக்கிறார்கள். சாகடித்து, ஆசை தீரச் சுட்டு, தங்கள் ஊர்ப் பேப்பர்காரர்களைக் கூப்பிட்டு 'பாடம் புகட்டினோம்' என்று சொல்லிவிட்டு, மறுபடி லைனை இணைத்து வணக்கம் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கமும் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த முறை அவர்களுடையது அல்லவா.

கண்டுபிடித்ததும் ஓடினேன். வளைகோடு பதறிப்போவார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே தெரியும். நிலைத்தன்மை எண் என்று ஒன்றை அவர் வைத்திருக்கிறார். ஒருவர் சுட்டு மற்றவர் திருப்பிச் சுட்டால்தான் அந்த எண் குறையும். ஒருவர் சுட்டு மற்றவர் சும்மா இருந்தால் குறையாது, ஏறும், பொறுமை காத்தார்கள் என்று. ஆகவே மில்காரர் செத்த மாசம்தான் எங்கள் எண் இதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அதைப் பெரிய காகிதத்தில் அச்சடித்துக் கூட்ட அறையில் மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழேதான் பிஸ்கட் தட்டு.

கூட்டம் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள். பராமரிப்பு நாட்களையும் குண்டு விழுந்த நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு கர்னல்களும் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைகோடு எழுந்து, பிரஷர் குக்கரில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனால்தான் குக்கர் வெடிக்காது, இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார். ஆவி யார் முகத்தில் அடிக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், எந்த நல்ல ஏற்பாட்டிலும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஒரு பாகம் வேண்டும், வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி, இரண்டு கரை ஊர்களும் அந்த வேலையைச் செய்கின்றன, அதனால் இரண்டு தலைநகரமும் அசையாமல் இருக்கின்றன என்றார். சொல்லி முடித்து விரலால் ஒரு வளைவும் போட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. "அந்த ஷாக் அப்சார்பருக்குள்ள என் தம்பி உக்காந்து பல் புடுங்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

யாராவது தலைகுனிவார்கள் என்று பார்த்தேன். வளைகோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எல்லை ஊரில் நெருங்கிய உறவினர் இருப்பதை நான் சேரும்போதே தெரிவித்திருக்க வேண்டும், இதனால் என் கருத்தில் சொந்த நலன் கலந்துவிடுகிறது என்றார். மறுநாள் அந்தத் தகவல்களைப் பார்க்கிற அனுமதி எனக்கு ரத்தானது. செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். தொட்டில் ஆட்டியதற்குப் பரிசு வாங்குகிறவர்களை இங்கேதான் பார்க்கிறேன். ஆமாம், பரிசு. அடுத்த மாசம் எங்கோ ஒரு பெரிய மாநாட்டில் எங்கள் ஆபீசுக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள். என் சுவர்ப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

விதியை மாற்ற ஒரு வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். லைனை யார் நிறுத்தினார்களோ அவர்கள் பக்கம் மட்டும், எல்லையில் சுற்றுகிற வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் உடனே போய் பீரங்கிகளைப் பூட்டிச் சாவியை எடுத்துவர வேண்டும் என்று. படிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த வருஷம் படிப்பார்களோ.

நீ அதுவரை காத்திருக்காதே. உன் வீட்டுக்காரியையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. நான் இருக்கிற வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. சமையலறை ஜன்னல் சரியாகச் சாத்தாது, அதை விட்டால் குறையில்லை. உடனே பதில் போடு.

அக்கா

*

என் கண்ணான தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உனக்குப் பஞ்சும் ஊசியும் கொண்டுவந்து கொடுப்பாரே, மருந்துக் கம்பெனி விற்பனையாளர், அவர் இந்த வழியாக வந்தார். அவர் கையில் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் போனெல்லாம் ராணுவ எக்ஸ்சேஞ்ச் வழியாக வருவதால் பேசவும் வழியில்லை. ஆகவே பொறுமையாக, முழுசாகப் படி. பாதியில் வைத்துவிட்டுப் பேஷண்டைப் பார்க்கப் போகாதே.

உன் பதில் கிடைத்தது. வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். கோபம் வந்தது. அப்புறம் காரணத்தைப் படித்தேன். ஊரில் எல்லோரும் உன் வீட்டைப் பார்த்துத்தான் படுக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். டாக்டரோட அக்கா அந்தப் பெரிய ஆபீசில் இருக்காங்க, ஏதாவது இருந்தா டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும், டாக்டர் வீட்டில் லைட் எரியுது, நாமும் தூங்கலாம் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். நீ ஒரு நாள் வெளியூர் போய்வந்ததற்கே பேக்கரிக்காரர் கடையைச் சாத்திவிட்டுத் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாராம். நான் கிளம்பினால் ஊரே பயந்துவிடும், அதனால் இருக்கிறேன் என்று முடித்திருந்தாய். அந்த ஜனங்களுக்கு நான் வரைந்த படம் தெரியாது, வளைகோட்டின் எண் தெரியாது. அவர்கள் நம்புவது உன் வீட்டு லைட்டை. அந்த லைட்டை ஏற்று என்று சொன்னவள் நான்.

இனி நடந்ததைக் கேள். திங்கட்கிழமை என் மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை முதல் மூன்று நாள், பராமரிப்புக்காக லைன் நிறுத்தப்படும். இதுவரை வந்ததெல்லாம் சில மணி நேரம்தான். மூன்று நாள் இதுவரை வந்ததில்லை. கேட்டிருப்பது அவர்கள் கர்னல். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பது நம் கர்னல். லைன் நான் போட்டது என்பதால் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. கம்பியில் ஒரு பழுதும் இல்லை, தம்பி. போன வாரம்தான் சோதித்தேன். குழந்தை மூச்சு மாதிரி சுத்தமாக இருக்கிறது.

நான் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வளைகோடு கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். ஒரு முழு யுத்தத்தில் சாகிற ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிப் பாருங்கள் என்றார். எண்ணாமலா இருப்பேன்? அதை எண்ணித்தானே இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் இவர் யுத்தத்தை நிறுத்தவில்லை, தவணை முறையில் விற்கிறார். அதை முகத்துக்கு நேரே சொன்னேன். கேடயம் பின்னால் அலமாரியில் இருந்தது. விலைச் சீட்டைக்கூட அடியிலிருந்து கிழிக்கவில்லை.

மதியம் நடைபாதையில் காப்பி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் கர்னல் வந்தார். நம் நாட்டு உடுப்புப் போட்டவர், உன் ஊரைக் காப்பாற்றுவதற்கென்று சம்பளம் வாங்குகிறவர். கையில் பாதி கடித்த பிஸ்கட். என்னிடம் ரொம்ப அன்பாக, சொந்த அண்ணன் மாதிரி குரலை இறக்கிச் சொன்னார்.

"உங்க தம்பிய வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வரச் சொல்லுங்கம்மா. சத்தம் காட்டாம, ராத்திரியில போகச் சொல்லுங்க. ஊரு பூரா கிளம்பிட்டா நல்லா இருக்காது."

அவர் சட்டைக் காலரில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷ்பேசினுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன், நிஜமாகவே எடுத்தேன். ஏன் தெரியுமா? அவர் சொன்ன அந்த நிமிஷம், அப்பாடா, என் தம்பி பிழைத்தான் என்று என் மனசு துள்ளியது. ஒரே ஒரு நொடிதான். அந்த நொடியில் அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் எனக்கு உபகாரம் செய்யவில்லை, தம்பி. என்னையும் அந்த பிஸ்கட் தட்டில் கைவிடச் சொல்கிறார். நீ மட்டும் ராத்திரியில் நழுவி, உன் வீட்டு லைட் எரிந்தபடியே இருந்து, பேக்கரிக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைத்தால், அப்புறம் நீயும் நானும் எந்த முகத்தோடு ஒரே வீட்டில் சாப்பிடுவோம்?

நான் போடாத கையெழுத்தை, சேர்ந்து நாலு மாசம்கூட ஆகாத துணை இயக்குநர் ஒருவர் மறுநாளே போட்டுவிட்டார். லைன் என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே இருக்கிற பத்திரிகைக்காரர் இரண்டு பேரிடம் போய்ச் சொன்னேன். ஒருத்தர், உங்கள் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். இன்னொருத்தர் குறித்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை குண்டு விழுந்த பிறகு கூப்பிடச் சொன்னார். கண்காணிப்பாளர்களுக்கும் எழுதியிருக்கிறேன். அவர்கள் வருவார்கள் என்று நினைத்து நீ உட்கார்ந்திருக்காதே.

இப்போது நான் சொல்வதை வரி வரியாகச் செய். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததற்கு மறுநாளே, எப்படியும் வியாழக்கிழமை தாண்டாமல் கிளம்பு. ராத்திரியில் கிளம்பக் கூடாது. காலையில், கிளினிக் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கிளம்பு. பெயர்ப் பலகையைக் கழற்று. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கழற்று. பல் பிடுங்குகிற நாற்காலியை நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லி, லாரி மேல் நிமிர்த்தி வைத்துக் கட்டு. மெத்தை, பீரோ, குட்டியின் சைக்கிள், எல்லாம் வெளியே தெரியும்படி ஏற்று. ஒன்றையும் போர்வை போட்டு மூடாதே. வீட்டில் எல்லா விளக்கையும் அணை. வாசல் விளக்கின் பல்பையே கழற்றி எடுத்துக்கொள்.

யாராவது ஏன் என்று கேட்டால் மழுப்பாதே. லீவு, கல்யாணம், உடம்பு சரியில்லை என்று எதையும் சொல்லாதே. அக்கா வரச் சொல்லிட்டாங்க என்று சொல். வெள்ளிக்கிழமைக்கு முந்தி வரச் சொல்லிட்டாங்க என்று சேர்த்துச் சொல். பேக்கரிக்காரர் மூட்டை கட்டினால் தடுக்காதே. மில்காரர் சம்சாரத்தை உங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொள். ராணுவத்தான் வழியில் நிறுத்தி ஏன் ஊரைக் கலைக்கிறாய் என்று கேட்டால், என் பெயரைக் கொடு. என்னைப் பிடிக்கட்டும். இங்கேதான் இருக்கிறேன், எங்கும் ஓட மாட்டேன்.

அந்தக் கரையிலும் ஒரு ஊர் இருக்கிறது, அடுத்த மாசம் அடி வாங்குவது அவர்கள் முறை. அங்கேயும் ஒரு பல் டாக்டர் இருப்பான், அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாளோ என்னவோ. லாரி மேல் ஏறிப்போகிற நாற்காலியை அவர்களும் ஆற்றைத் தாண்டிப் பார்க்கட்டும்.

இரண்டு அறையையும் காலி செய்து பாய் விரித்து வைத்திருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் பின்கட்டையும் கேட்டிருக்கிறேன், கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்று கேட்டார், தெரியாது என்றேன்.

நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும், உங்கள் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும், ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். குறுக்கு வழியில் போகாதே, கடைத்தெரு வழியாகவே போ. டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்.

உன்
அக்கா